அடிப்பக்கத்து மஞ்சள்

என் மனைவியின் தம்பி போனில் மூன்று நிபந்தனைகள் சொன்னார். கடைக்கால் தோண்டக் கூடாது. மரம் வெட்டக் கூடாது. மூன்றாவதை அவர் சொன்னபடியே எழுதிவைத்துக்கொண்டேன்: “எப்ப வேணாலும் கயட்டி எடுத்துக்கினு போற மாதிரி இருக்கணும், மாமா.”

நிலம் உத்திரமேரூருக்கும் மாகறலுக்கும் இடையில் இருக்கிறது. மாமனார் இறந்த பிறகும் பாகம் பிரிக்கவில்லை. மச்சான்தான் பயிர் வைக்கிறார். வயல் முடிந்து தரை மேடாகும் இடத்தில் யாரும் நடாமல் வளர்ந்த சிறு காடு ஒன்று உண்டு. பாலை, வெப்பாலை, உசில், இடையிடையே புதர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் மனைவி அங்கே ஒரு கொட்டகை வேண்டும் என்றாள். மாதம் இரண்டு முறை வந்து, பகலெல்லாம் உட்கார்ந்து, பறவைகளைப் பார்த்து நோட்டில் குறிக்க.

பாகம் பிரிக்காத நிலத்தில் கடைக்கால் தோண்டினால், ‘இந்தத் துண்டு எனக்கு’ என்று சொன்னதாகவே ஊர் எடுத்துக்கொள்ளும். அக்கா பங்கு கேட்கத் தொடங்கிவிட்டாளோ என்ற சந்தேகம் மச்சானுக்கு இருந்தது. அவளுக்கு அப்படி ஓர் எண்ணம் இல்லை. “கொட்டகை இல்லாட்டி போவட்டும். அவன் வூட்டுல எனக்குப் போடுற எல நின்னுடக் கூடாது” என்றாள்.

நான் செய்தித்தாளில் முப்பது வருடம் செய்தி திருத்திப் பக்கம் வடிவமைத்தவன். பத்திகள் எல்லாம் ஒரே அகலம் என்றால் ஒரு செய்தியைப் பெயர்த்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். கொட்டகையையும் அப்படியே யோசித்தேன். கால்கள் எட்டு, எல்லாம் ஏழடி. குறுக்குச் சட்டங்கள் பத்து, எல்லாம் ஆறடி. ஆணி கிடையாது, ஆப்புதான். அடித்தால் இறுகும், எதிர்ப்பக்கம் தட்டினால் கழலும். கால்கள், குழி செதுக்கிய கருங்கற்களில் நிற்கும். கற்கள் தரைமேல் சும்மா கிடக்கும். மரங்களுக்கு நடுவே டேப் பிடித்து அளந்து கட்டம் போட்ட தாளில் குறித்தேன். முதலில் நான்கு சதுரங்கள் போட நினைத்தேன். ஒரு வெப்பாலையின் கிளை குறுக்கே வந்ததால் மூன்றாகக் குறைத்தேன்.

உத்திரமேரூரில் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“சார், இதுல எது தல, எது காலு?”

“ரெண்டு முனையும் ஒண்ணுதான். எப்படி வேணா நிறுத்தலாம்.”

“மரத்துக்கு அடி, நுனி கீது சார். நுனியக் கீய வச்சா, அது தலகீயா நிக்கிற மாதிரி.”

“அறுத்த பிறகு அதுக்கு எப்படித் தெரியும்?”

“அதுக்குத் தெரியுதோ இல்லியோ, எனக்குத் தெரியுமே.”

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மினி லாரியில் வேப்பங்கால்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமப் பொட்டு. கவனித்தேன், கேட்கவில்லை. பிறர் எழுதிய செய்தியில் ‘ஏன்’ விடுபட்டிருக்கிறதா என்று பார்த்தே காலம் தள்ளியவன் நான்.

பதினோரு மணிக்குள் இரண்டு சதுரம் நின்றுவிட்டது. அப்போதுதான் மச்சான் எங்களுக்கு டிபன் கேரியரில் நாஷ்டா எடுத்துக்கொண்டு பைக்கில் வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. அவர் பார்வை கால்களின் அடியில் நின்றது.

“இன்னாக்கா, வாசக்கா வச்சிட்டியா?”

எங்கள் பக்கத்தில் வாசக்காலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து நிறுத்திவிட்டால் அது வீடு. அதன் பிறகு கொட்டகை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

“வாசக்காலா? இதுல வாசலே இல்லியேடா.”

“பூஜ போட்டு நிறுத்திகினு கீறீங்க. எனக்கு ஒரு வார்த்த சொல்லல.”

நான் படத்தை எடுத்து விளக்கத் தொடங்கினேன். “படம் நல்லாத்தான் கீது, மாமா” என்றார், அதைப் பார்க்காமலே. பைக்கின் இன்ஜினை அவர் இன்னும் அணைக்கவில்லை.

என் மனைவி ஏணிமேல் நின்றவரைப் பார்த்து, “ஆசாரி, கயட்டுங்க” என்றாள்.

“இப்பதாம்மா மாட்டனோம்.”

“கயட்டுங்க. இவன் எதிர்லயே.”

ஆசாரி ஆப்பைத் தட்டினார். சட்டம் கழன்றது. அதன் மறுமுனையை நான்தான் பிடிக்க வேண்டும். பிடித்தேன், ஆனால் கை தாழ்ந்துவிட்டது. மச்சான் வண்டியை நிறுத்தி ஓடிவந்து தாங்கினார். அதன் பிறகு அவரும் ஆசாரியுமே ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார்கள். கடைசியில் மச்சான் ஒரு கருங்கல்லைக் காலால் தள்ளிப் பார்த்தார். அடியில் நசுங்கிய புல், சில எறும்புகள். பள்ளம் இல்லை. குனிந்து விரலால் மண்ணை அழுத்தியும் பார்த்தார்.

“அப்புறம் இந்த மஞ்சா இன்னாத்துக்கு, ஆசாரி?”

“அடிப்பக்கம்னு தெரியறதுக்கு. பென்சில்ல போட்டேன், எழைக்கறப்ப போயிடுச்சி. சாக்பீஸ்ல போட்டேன், மழை வந்துச்சி. அதான் மஞ்சா. வெறும் மஞ்சா வக்கக் கூடாதுன்னு எங்க வூட்டுக்காரம்மா குங்குமமும் வச்சிட்டா.”

“படத்துல போடலியா?”

“சாரு ரெண்டும் ஒண்ணுன்னாரு.”

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். “இத்தினி வருஷம் பேப்பர்ல இருந்தாரு. மாமாவுக்குத் தலகால் தெரியாதுன்னு இப்பதான் தெரியுது.”

“பேப்பர்லயும் அவரு தலைப்பு மட்டுந்தான் பாத்தாரு” என்றாள் என் மனைவி. முதலில் சிரித்தது அவள்தான். பிறகு மச்சான் சிரித்தார். போன வருடம் முழுக்க அவர்கள் சேர்ந்து சிரித்து நான் பார்க்கவில்லை.

அவர் மேற்கே அண்ணாந்து பார்த்தார். “மூணு மணிக்கு மேல இங்க வெயில் நேரா அடிக்கும். கயட்டனது கயட்டியாச்சி, அந்தப் பாலைக்கு அந்தாண்ட போடுங்க.” என் தாளில் எல்லா மரங்களும் இருந்தன, பிற்பகல் வெயில் இல்லை. முதல் கல்லை அவரே உருட்டிக்கொண்டு போய் வைத்தார்.

கால்களை மறுபடி நிறுத்துவதற்கு முன் ஆசாரியிடம் ஒன்று சொன்னார். “குங்குமத்த மட்டும் தொடச்சிடுங்க. வர்றவன் போறவன் பாத்தா என்னிய மாதிரியேதான் நெனப்பான்.”

ஈரத் துணியால் ஆசாரி ஒவ்வொன்றாகத் துடைத்தார். மஞ்சள் மங்கலாகத் தங்கியது. எட்டுக் கால்களிலும் அது கீழேதான் இருக்கிறதா என்று நான் குனிந்து பார்த்தேன்.

“இட்லி ஆறிப்போச்சி. வாக்கா, வூட்ல சோறு ஆக்கிட்டாங்க” என்று மச்சான் பைக்கை உதைத்தார். திறக்காத கேரியரை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். “நீங்க ஆசாரியையும் இட்டுகினு நடந்து வாங்க, மாமா.”