பிங்காம் வாயை மூடிய ஞாயிறு

டெல்பெர்ட் பிங்காம் பத்தொன்பது வருஷம் குத்துக்காலிட்டே பிழைத்த மனுஷன். பேஸ்பாலில் அடிக்கிறவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற வேலை. அயோவா, நெப்ராஸ்கா, கான்சாஸ் என்று சோளக்காட்டு ஊர்களில் அவன் முழங்கால் தேயாத மைதானம் கிடையாது. நடுவில் பெரிய லீக்கிலும் பதினோரு நாள் இருந்தான். பதினோரு நாளும் பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்ததோடு சரி, ஒருத்தரும் அவனைக் களத்தில் இறக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டால், "பதினோரு நாள்ல ஒரு தப்புகூடப் பண்ணலையே நான்! அங்க வேற எவனுக்குய்யா அந்தப் பெருமை இருக்கு?" என்பான்.

கையால் பிழைக்கிறான் என்று ஊர் நம்பியது. வாயால் பிழைக்கிறான் என்பது அடிக்க வந்தவர்களுக்குத்தான் தெரியும். பந்து வருகிற நேரம் பார்த்து, "தம்பி, ஷூ கயிறு அவுந்திருக்கு பாரு" என்பான். "கிளம்பும்போது அடுப்பை அணைச்சியா?" என்பான். ஒரு தடவை எதிரணிப் பையன் ஒருவனிடம், "உனக்குப் பேசி வச்ச பொண்ணு வேற யாரையோ கட்டிக்கப் போகுதாமே, நிஜமா?" என்று கேட்டுவைத்தான். அந்தப் பையன் மூன்று பந்தையும் கோட்டைவிட்டு, மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, டெலிபோன் இருக்கிற மருந்துக்கடைக்கு ஓடினான். பாவி, அப்படியும் ஒரு வாய் உண்டா!

இதையெல்லாம் டெல்பெர்ட்டின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர் அம்பயர் க்ளைட் உர்ஸ்டர். குளிர்காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்ப்பார், கோடையில் அம்பயர். எந்தக் காலத்திலும் சிரித்ததாகத் தகவல் இல்லை.

முழங்கால் இனிமேல் மடங்காது என்றானதும் அயோவாவிலேயே எல்ம்ஃபோர்ட் என்கிற ஊர் டீம் டெல்பெர்ட்டை மேனேஜராக்கியது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. அடிக்கிறவன் காதோரம் முணுமுணுத்த வாய், இப்போது மைதான ஓரத்து டக்அவுட் கொட்டகையிலிருந்து கத்தியாக வேண்டும். கத்தினால் ஊருக்கே கேட்கும். உர்ஸ்டர் உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அம்பயர் அப்படிக் காட்டிவிட்டால் மேனேஜர் மைதானத்தை விட்டே போய்விட வேண்டும். 1951 கோடையில் மட்டும் பதினான்கு தடவை அந்த விரல் எழுந்தது.

ஒரு தடவை தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டி, "எனக்குப் பரவால்ல சார், உங்களுக்குத்தான் அவசரம்" என்றதற்காக. இன்னொரு தடவை, விரட்டப்பட்ட பிறகு சோடா விற்கிறவனின் தொப்பியையும் வெள்ளைக் கோட்டையும் மாட்டிக்கொண்டு காலரிக்குத் திரும்பி வந்து, "சோடா! ஐஸ் சோடா! எலேய், இடது பக்கம் தள்ளி நில்லுடா! ஐஸ் சோடா!" என்று கூவி அகப்பட்டதற்காக. அன்றைக்கு அவன் நிஜமாகவே எட்டு பாட்டில் விற்றிருந்தான்.

ஆகஸ்ட் நடுவில் டீம் முதலாளி பர்செல் கூப்பிட்டனுப்பினார். தீவன மில் வைத்திருக்கிறவர், பேச்சும் மூட்டை இறக்குகிற மாதிரிதான் இருக்கும். "இந்தா பாரு பிங்காம். சீசன் முடியுறதுக்குள்ள இன்னொரு தடவை உன்னை வெளியே அனுப்பினா, அப்படியே வீட்டுக்குப் போயிடு. திரும்பி வராதே."

டெல்பெர்ட்டுக்குப் போக வேறு இடம் ஏது? வயது நாற்பத்து மூன்று. பேஸ்பாலைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. மச்சினன் மட்டும் தன் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்க ஆள் வேண்டும் என்று நாலு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "கோழிகிட்ட நான் என்னத்தப் பேசுவேன், இர்மா?" என்றான் மனைவியிடம்.

"கோழிங்க பாவம். அதுங்களுக்காகவாவது நீ வாயை மூடித் தொலை" என்றாள் இர்மா. மறுநாள் ஒரு பெரிய பொட்டலம் இழுவை மிட்டாய் வாங்கி வந்தாள். வாயில் போட்டால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொள்கிற ரகம். "பேசணும்னு தோணும்போதெல்லாம் ஒண்ணைப் போட்டுக்கோ."

மூன்று வாரம் டெல்பெர்ட் மிட்டாய் தின்றான். ஐந்து பவுண்டு எடை ஏறினான், ஒரு வார்த்தை பேசவில்லை. ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆட்டத்தைப் பார்க்காமல் அவன் தாடையைப் பார்த்தார்கள். "என்ன பிங்காம், நாக்கை அடகு வச்சிட்டியா?" என்று காலரியிலிருந்து கூச்சல். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். கடித்துக்கொள்ளாவிட்டாலும் மிட்டாய் விடாது.

கடைசி ஆட்டம் ஞாயிறு பிற்பகல். காலையில் மழை பெய்து மைதானம் ஈரமாக இருந்தது. மூன்றுக்கு இரண்டு என்று எல்ம்ஃபோர்ட் முன்னால். ஒன்பதாவது, அதாவது கடைசிச் சுற்றில் எதிரணி அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் ஓடத் தயாராக நின்றார்கள். இன்னும் ஒரே ஒருத்தனை அவுட்டாக்கினால் ஆட்டம் முடிந்தது.

அப்போது மட்டையைச் சுழற்றிக்கொண்டு வந்தான் ஸ்டோவ், எதிரணியின் மலைமாடு. டெல்பெர்ட், யாருக்குப் பின்னால் யார் அடிப்பது என்று எழுதிப் பையில் வைத்திருந்த சீட்டைப் பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான். இது ஸ்டோவின் முறை இல்லை! போன சுற்றில் எதிரணி மேனேஜர் ஒரு புது ஆளை இறக்கி, 'இவன் ஸ்டோவுக்கு முன்னால் அடிப்பான்' என்று அம்பயரிடம் சொல்லியிருந்தான். சொன்னதைத் தன் ஆட்களிடம் சொல்ல மறந்துவிட்டான் மடையன். புது ஆள் எனக்கென்ன என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

முறை தப்பி அடித்தால், அந்த முறைக்கு உரியவன் அவுட். அடித்ததெல்லாம் செல்லாது. ஆனால் மறுபக்கத்து மேனேஜர், அதாவது டெல்பெர்ட், தானாக எழுந்து முறையிட வேண்டும், அதுவும் அடித்து முடித்த பிறகு, அடுத்த பந்து வீசுவதற்கு முன்னால். முன்கூட்டிச் சொன்னால் எதிராளி அசடு வழியச் சிரித்துவிட்டுச் சரியான ஆளை அனுப்பிவிடுவான். அம்பயருக்குத் தெரிந்திருந்தாலும் அவர் மூச்சு விடக்கூடாது. உர்ஸ்டருக்குத் தெரிந்திருந்தது. அவரும் தன் சீட்டைப் பார்த்தார், டக்அவுட்டைப் பார்த்தார், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார்.

ஐயோ, டெல்பெர்ட் பட்ட பாடு! இப்படி ஒரு விஷயம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது அவன் பிறந்ததிலிருந்து நடக்காத காரியம். உளறிவிடுவோமோ என்ற பயத்தில் மூன்று மிட்டாயை ஒன்றாக வாயில் திணித்துக்கொண்டான்.

இரண்டாவது பந்தை ஸ்டோவ் வேலிக்கு அப்பால், சோளக்காட்டுக்கே அனுப்பிவிட்டான். மூன்று பேர் ஓடி வந்தார்கள், மூன்று ரன். ஐந்துக்கு மூன்று. காலரியில் எழவு விழுந்த அமைதி. டெல்பெர்ட் ஒருத்தன் மட்டும் முகமெல்லாம் பல்லாக எழுந்து, சீட்டை ஆட்டிக்கொண்டு உர்ஸ்டரை நோக்கி ஓடினான். வாயைத் திறந்தான்.

திறக்கவில்லை. மூன்று மிட்டாயும் சேர்ந்து தாடையைப் பூட்டிவிட்டன. "ம்ம்ம்! ம்ம்!"

எல்ம்ஃபோர்டுக்குப் பந்து வீசுகிற வால்ட் நீபெல் கோபக்காரன். புதுப் பந்தை வாங்கி, அடுத்தவனுக்கு வீசக் கையைப் பின்னுக்கு இழுத்துவிட்டான். அந்தப் பந்து போய்விட்டால் எல்லாம் போச்சு. கூப்பிடாமல் களத்துக்குள் ஓடி வந்தாயிற்று, கட்டைவிரலைத் தூக்க உர்ஸ்டருக்கும் இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது. கோழிப்பண்ணை வாடை டெல்பெர்ட்டின் மூக்கிலேயே அடித்தது.

உர்ஸ்டர் கையை உயர்த்தினார். விரலை அல்ல, உள்ளங்கையை, நிறுத்து என்று. பையிலிருந்து சின்னத் துடைப்பத்தை எடுத்து, குனிந்து, தரையில் பதித்திருக்கும் வெள்ளைப் பலகையைப் பெருக்க ஆரம்பித்தார். அவர் அங்கே குனிந்திருக்கும்வரை யாரும் பந்து வீச முடியாது. இந்த மூலை, அந்த மூலை, மறுபடி இந்த மூலை. பொறுமையாகப் பெருக்கினார்.

டெல்பெர்ட் மென்றான். கண்ணில் நீர் வர மென்றான். விழுங்கினான்.

"அம்பயர் சார்," என்றான், சர்ச்சில் நிற்கிறவன் குரலில், "முறை தப்பி அடிச்சிருக்காங்க."

உர்ஸ்டர் நிமிர்ந்தார். துடைப்பத்தைப் பைக்குள் வைத்தார். "புது ஆள் அவுட். அடிச்சது செல்லாது. ஆட்டம் முடிஞ்சுது."

எதிரணி மேனேஜர் தொப்பியைத் தரையில் அடித்து மிதித்தான். காலரியில் பர்செல் தன் கனத்தை மறந்து குதித்தார். இர்மா பக்கத்திலிருந்தவன் முதுகில் ஓங்கி அறைந்துகொண்டிருந்தாள். டெல்பெர்ட் இது எதையும் பார்க்கவில்லை. கார் நிற்கிற இடத்துக்குப் போகிற உர்ஸ்டரின் பின்னாலேயே ஓடினான். மூன்று வாரத்துப் பேச்சு மடை உடைத்துக்கொண்டு வந்தது. போன செவ்வாய்க்கிழமை தப்பாகச் சொன்ன அவுட், அதற்கு முந்தின சனிக்கிழமை கண்ணுக்குத் தெரியாத பந்து, அவர் கண், கண்ணாடி, சட்டை, நடை, எல்லாம்.

உர்ஸ்டர் சட்டென்று திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கினார்.

"ஆட்டம்தான் முடிஞ்சுபோச்சே சார்! எங்கேயிருந்து அனுப்புவீங்க? அயோவாவிலேருந்தா?"

உர்ஸ்டர் தன் விரலைப் பார்த்தார். இறக்கிக்கொண்டார். காரில் ஏறி உட்கார்ந்தார்.

"மழை பெஞ்ச மைதானத்துல தூசி எங்க சார் இருந்துச்சு, அத்தனை நேரம் பெருக்க?"

"பதினேழு வருஷம் உன் பின்னால நின்னிருக்கேன்யா" என்றார் உர்ஸ்டர், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "மைதானத்துல வேற எவனும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசுறதில்லை. இந்த மூணு வாரம் செத்த வீட்டுல நிக்கிற மாதிரி இருந்துச்சு." பக்கத்து சீட்டிலிருந்த பையைத் தூக்கிப் பின்னால் போட்டார். "கதவு திறந்துதான் இருக்கு. சனிக்கிழமை பந்தைப் பத்தி என்னமோ சொன்னியே."

டெல்பெர்ட் ஏறி உட்கார்ந்தான். இர்மா தேடிக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டுகிறவரைக்கும் பேசினான். உர்ஸ்டர் அதுவரை வண்டியைக் கிளப்பவே இல்லை.