குசினிப் பக்கம் போகாத பினாங்கு

மே மாத விடுமுறையில் மலேசியாவில் உள்ள பினாங்கு போய் வந்தோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் போன ஊர்கள் வேளாங்கண்ணி, கொடைக்கானல், மறுபடியும் வேளாங்கண்ணி. எங்கே போனாலும் அடுப்பும் குக்கரும் கூடவே வரும், அவற்றுக்குத் துணையாக நானும் போவேன். இந்த முறை ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஐந்து நாளும் குசினிக்குள் கால் வைக்க மாட்டேன். (தூத்துக்குடிக் கடற்கரையில் அடுக்களைக்குக் குசினி என்றுதான் பெயர்.) துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதுதான் எனக்கு உதைத்தது.

நாங்கள் இருவர், எட்டாம் வகுப்பு முடித்த மகள் ஜெனி, அறுபத்தெட்டு வயது மாமியார் என நான்கு பேர். மாமியாரை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து நேரடி விமானத்தில் நாலரை மணி நேரம். முன்கூட்டியே எடுத்ததால் போக வர தலைக்கு இருபத்திரண்டாயிரம் ஆனது. எங்களுக்கு விசா தேவைப்படவில்லை. கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் மட்டும் நிரப்ப வேண்டியிருந்தது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டும்போது மாமியின் பையில் ஒரு பொட்டலம் குழம்புத்தூளும் கொஞ்சம் புளியும் இருப்பதைப் பார்த்தேன். தாயும் பிள்ளையும் பேசி வைத்துக்கொண்டார்கள் போல என்று நினைத்தேன்.

விமான நிலையத்திலிருந்து பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன் பதினெட்டு கிலோமீட்டர். டாக்சிக்கு முப்பத்தைந்து மலேசிய ரிங்கிட். ஓட்டுநர் மலேசியத் தமிழர், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுபவர். எங்கெங்கே போகலாம் என்று கேட்டதற்கு, "இங்க எல்லாரும் சாப்பிடத்தான் லா வர்றாங்க" என்றார். அவருக்கு என் சார்பில் ஒரு கும்பிடு. ஆனால் இறங்கிய இடம் ஓட்டல் இல்லை, குசினியோடு கூடிய அடுக்குமாடி வீடு. தண்ணீர் காய வைக்கத்தான் என்றார் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

முதல் இரண்டு நாளும் சொர்க்கம்தான். காலையில் லிட்டில் இந்தியாவில் இட்லி, மதியம் சோற்றில் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார், சாயங்காலம் தெருவோரத்தில் ஆவி பறக்கும் நூடுல்ஸ். பினாங்கு மலை ரயிலுக்கு வெளிநாட்டவருக்கு முப்பது ரிங்கிட், வார நாளில் காலையிலேயே போய்விட்டால் கூட்டம் இராது. கடலுக்குள் மரக்கால் ஊன்றிக் கட்டிய சீனர் வீடுகளைப் பார்க்கக் கட்டணமே இல்லை. அங்கே மரப்பலகை நுனியில் காலைத் தொங்கப் போட்டு மாமி ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்காரர் சந்தையைச் சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். எங்கள் ஊர்க்காரர்களால் மீனைச் சும்மா பார்க்க முடியாது. செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், தூக்கிவிட்டால் வாங்காமல் வர மாட்டார்கள். ஒன்றரைக் கிலோ சீலாவோடு வந்து நின்றார். சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பார்களே, அது.

"அம்மா கையால ஒரு கொழம்பு. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார் என்னிடம்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் வேறு இல்லை. மாமியார் அடுப்படியில் நிற்க மருமகள் சோபாவில் உட்கார்ந்திருக்க முடியுமா? என் ஐந்து நாள் மூன்றாம் நாளிலேயே முடிந்தது என்று எழுந்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு மீனுக்காக அழுவதா என்று அடக்கிக்கொண்டேன்.

மாமி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீ இரி ளா" என்றவர் மகன் பக்கம் திரும்பினார். "ஏலே, நீதான வாங்கிட்டு வந்தே, நீயே வையி. நானுந்தான் லீவுல வந்திருக்கேன்."

வீட்டுக்காரர் சிரித்துப் பார்த்தார். மாமி சிரிக்கவில்லை.

"இங்கன வந்தும் ஒனக்கு மீனு கேக்கும்னு தெரியும். அதாம்ல தூளும் புளியும் கொண்டாந்தேன். பையில இருக்கு, எடு."

பொட்டலத்தைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் அப்படியே விழுங்கிக்கொண்டேன். மாமியின் கையை விடாமல் பிடித்திருந்தேன்.

ஜெனி செல்போனில் செய்முறை வாசிக்க, வீட்டுக்காரர் இரண்டு மணி நேரம் போராடினார். இடையில் மூன்று தடவை என்னைக் கூப்பிட்டார். மூன்று தடவையும் மாமிதான் "அவ வரமாட்டா" என்றார். குழம்பில் புளி தூக்கல், மீன் பாதி உடைந்துவிட்டது. உடையாத நடுத்துண்டை எடுத்து முதலில் தன் அம்மா தட்டில் வைத்தார். மாமி வாயில் வைத்துவிட்டு, "வேற ஆளு வச்சு நான் உக்காந்து திங்கது இப்பந்தான்" என்றார். இரண்டாம் தடவையும் சோறு வாங்கிக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: நகருக்குள் இலவசப் பேருந்து ஓடுகிறது, அதைப் பயன்படுத்துங்கள். மதிய வெயிலில் வெளியே சுற்றாதீர்கள். தினமும் மழை வரலாம், குடை முக்கியம். குசினி உள்ள வீடா, இல்லாத ஓட்டலா என்று கேட்டால், உள்ளதையே எடுங்கள் என்பேன். யார் சமைப்பது என்பதை மட்டும் ஊரிலேயே முடிவு செய்துவிடுங்கள். முடிந்தால் என் மாமியைப் போல ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது வீட்டுக்காரர் வழக்கம்போல மீனோடு வந்தார். மாமி குழம்புத்தூள் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.