பெரியவன் பெயரில் போனவன்

பட்டாளத்துக்குப் போக ஆசைப்பட்டவன் நான். போனவன் என் தம்பி. செத்தவனும் அவன்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் பதித்த கல்லில் இருப்பது என் பெயர். அந்தக் கல்லைத் தாண்டித்தான் நான் தினமும் வயலுக்குப் போகிறேன். இதை எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். தம்பியின் பெயரை நான் ஒரு தடவை தொலைத்தேன். அதை மீட்கக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தையும் கைநழுவ விட்டேன். எங்காவது ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா, அதற்காக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காரைக்குடிக்கும் கல்லலுக்கும் இடையில் இருக்கிறது. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பக்கத்து ஊர்களில் பெரிய வீடுகள் கட்டிய செட்டியார்கள் பர்மாவுக்கு வியாபாரத்துக்குப் போன காலத்தில், எங்கள் ஊர் ஆட்கள் அதே பர்மாவுக்கு வெள்ளைக்காரன் கொடுத்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செட்டியார் வீடுகளுக்குத் தேக்கு வந்தது. எங்கள் ஊருக்கு நாலைந்து மெடல்கள் வந்தன; அவற்றைப் பிள்ளைகள் தெருவில் உருட்டி விளையாடித் தொலைத்துவிட்டார்கள். இருந்தும் பட்டாளம் என்றால் எங்கள் ஊர் இளவட்டங்களுக்கு ஒரு கிறுக்கு. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

சீனாவிடம் தோற்ற பிறகு ராணுவத்தைப் பெருக்க வேண்டும் என்று ஊர் ஊராக ஆள் எடுத்தார்கள். காரைக்குடி மைதானத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எட்டாம் வகுப்புச் சர்டிபிகேட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எனக்குப் பத்தொன்பது வயது. தம்பிக்குப் பதினாறு. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன், ஆனால் என்னைவிட ஒரு சாண் உயரம். கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க என்னோடு வந்தான்.

சட்டையைக் கழற்றி வரிசையில் நிற்கச் சொன்னார்கள். உயரத்தில் தேறிவிட்டேன். மார்பை அளந்தவர், "இழுத்துப் பிடி, இன்னும் இழு" என்றார். கண் பிதுங்கும் அளவுக்கு மூச்சை இழுத்தேன். அரை அங்குலம் குறைந்தது. அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்தவனைக் கூப்பிட்டார். சர்டிபிகேட்டைக் கேட்கக்கூட இல்லை.

வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை. தம்பி என்னையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, நானும் ஒரு தடவ நின்னு பாக்கவா?" என்றான்.

"ஒனக்கு வயசு பத்தாதுடா."

"ஒன் சர்டிபிகேட்டு சும்மாதானே கெடக்கு?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். நான்தான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் போக முடியாவிட்டாலும் என் பெயராவது பட்டாளத்துக்குப் போகட்டுமே என்று அந்த நிமிடம் ஒரு வீம்பு வந்தது. எடுத்து அவன் கையில் கொடுத்தேன். கொடுத்தது இந்தக் கைதான். அவன் மூச்சை இழுத்ததும் நாடா போதாத குறைதான், அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள்.

இது இவ்வளவு சுலபமாக நடந்ததற்கு எங்கள் பங்காளி வீடுகளின் வழக்கமும் ஒரு காரணம். ஆண் பிள்ளை பிறந்தால் குலதெய்வத்தின் பெயரைத் தவிர வேறு பெயர் வைப்பதில்லை. மூத்தவன் என்றால் அதற்கு முன்னால் 'பெரிய' சேரும், இளையவன் என்றால் 'சின்ன'. சாமி பெயரைப் போகிற போக்கில் சொல்லக் கூடாது என்று, வீட்டில் கூப்பிடும்போது வெறும் பெரியவன், சின்னவன்தான். பட்டாளத்தில் ஊரிலிருந்து விசாரணைக் காகிதம் கேட்டபோது கிராம முன்சீப்பிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றோம். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே சாமி பேருதானப்பா. பெருசு என்ன, சிறுசு என்ன? இதுல பொய் எங்க இருக்கு?" என்று கையெழுத்தைப் போட்டார்.

ஊரே அப்படித்தான் நினைத்தது. எங்களைப் பெற்ற ஆத்தாவும் அப்படித்தான் நினைத்தாள். குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டி, கல்லல் ஸ்டேஷனில் அவனை ரயில் ஏற்றிவிட்டோம். போகிறவன் எவன் என்று ஊர்ச் சாமிக்குத் தெரிந்த மாதிரி ராணுவ ஆபீஸுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தோமோ என்னமோ.

முதல் லீவில் அவன் வந்தபோது ஒரு கறுப்புத் தகரப் பெட்டி கொண்டுவந்தான். மேலே வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பரும் என் பெயரும் இங்கிலீஷில் எழுதியிருந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. துண்டை எடுத்து அந்த எழுத்துகளின் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டேன்.

ஆத்தாவுக்குப் பட்டாளம் என்றால் என்ன என்று புரிய வைக்க, அவன் புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பினான். "பத்துப் பேரு சேந்தா ஒரு செக்சன் ஆத்தா. மூணு செக்சன் ஒரு பிளாட்டூன். மூணு பிளாட்டூன் ஒரு கம்பெனி. அப்பறம் பட்டாலியன், அதுக்கும் மேல பிரிகேடு." கொட்டைகள் தீர்ந்துபோயின.

"இதுல நீ எதுடா?" என்றாள் ஆத்தா.

அவன் ஒரு கொட்டையைத் தொட்டுக் காட்டினான். "இந்தா, இது."

"எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கு. எப்படிக் கண்டுபிடிப்பாக?"

"நம்பரு இருக்குல்ல? அங்குட்டுப் பேரெல்லாம் பெருசில்ல ஆத்தா, நம்பருதான்."

சண்டை இல்லாத நாளில் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். "குழி தோண்டுவோம். பூட்சுக்கு பாலீஷ் போடுவோம். நிப்போம். பாதி நாளு நிக்கிறதுதாண்ணே வேலை" என்று சிரித்தான். அவனிடமிருந்து வரும் கடிதங்களில் ஊர் பெயரே இருக்காது, எண் மட்டும் இருக்கும். உறையின் பின்பக்கம் என் பெயர் இருக்கும். உள்ளே கடைசி வரியில் 'இப்படிக்கு, சின்னவன்' என்று எழுதியிருப்பான்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து அவனுக்கும் ஆனது. பெண் நாட்டரசன்கோட்டைப் பக்கம். பத்திரிகையில் அவனுடைய சரியான பெயரை அடித்தோம். பட்டாளத்துக்கு அனுப்பிய காகிதத்தில் என் பெயரைப் போட்டு முன்சீப் மறுபடியும் கையெழுத்திட்டார். ஆக, ராணுவக் காகிதப்படி என் தம்பி மனைவி எனக்கு மனைவி. என் வீட்டுக்காரி இதை வைத்து என்னைக் கேலி செய்யாத நாளில்லை. "பட்டாளத்துல ஒங்களுக்கு இன்னொருத்தி இருக்காளாமே, சொல்லவேயில்லையே" என்பாள். தம்பி மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எல்லோரும்தான் சிரித்தோம்.

எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. தம்பியின் பையனுக்கு அப்போது ஒன்றரை வயது. நெல் கதிர் முற்றிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் வாசலில் நின்று மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தேன். தந்திக்காரர் சைக்கிளில் வந்தார். அவர் புதிதாக மாற்றலாகி வந்தவர், பழைய கதை தெரியாது. தந்தி தம்பி மனைவி பெயருக்கு. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று அவரே பிரித்தார். படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"பெரியவரே, என்ன இது, நீங்க சண்டையில செத்துட்டதாவுல்ல வந்திருக்கு?"

ஆத்தா சிரித்துவிட்டாள். சத்தியமாகச் சிரித்தாள். "எம் மகன் இந்தா குத்துக்கல்லாட்டம் நிக்கிறான். செத்துட்டானாமுல்ல! எவன்டா அனுப்புனவன்?" என்று என் தோளைத் தட்டினாள். எனக்கும் ஒரு நொடி சிரிப்புதான் வந்தது. கதவு நிலையைப் பிடித்து நின்ற தம்பி மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் போட்ட கூப்பாட்டில் ஆத்தாவின் கை என் தோளிலேயே நின்றுவிட்டது. அதன் பிறகு ஆத்தா சாகும் வரை, தான் அன்றைக்குச் சிரித்ததைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதாள்.

உடல் வரவில்லை. எல்லையிலேயே எரித்துவிட்டார்கள். அவன் வேட்டியை வைத்துக் கருமாதி செய்தோம். காரியம் செய்தவர் இறந்தவன் பெயரைக் கேட்டபோது அவனுடைய பெயரைச் சொன்னேன். அவன் செத்த பிறகு அந்தப் பெயர் அவனுக்காகச் சொல்லப்பட்ட ஒரே இடம் அதுதான்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், பட்டாளத்திலிருந்து யார் வந்தாலும் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று. ஜெயிலில் போட்டாலும் போடட்டும், உயிரைக் கொடுத்தவனுக்குப் பெயரைக் கூடவா கொடுக்கக் கூடாது?

அறுப்பு முடிந்த சமயத்தில் ஒரு சுபேதார் அந்தக் கறுப்புப் பெட்டியோடு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், தம்பியின் பிளாட்டூனில் இருந்தவர். முன்சீப்தான் வழிகாட்டிக் கூட்டிவந்து அவர் பக்கத்தில் நின்றார். அவரை உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். அடுப்படியில் தம்பி மனைவி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். வெள்ளைச் சேலையில், இடுப்பில் பிள்ளையோடு.

"மச்சான், சொல்லீராதீக."

"அவன் பேரு அழிஞ்சு போகும், தாயி."

"அவுக போயிட்டாக. இனிமே பேரு இருந்தா என்ன, அழிஞ்சா என்ன? வேற ஆளு பேருல ஏமாத்திச் சேந்தவன்னு ஒரு சொல்லு வந்துட்டா, அது எம் மகன் தலையிலதானே விடியும்? வார பென்சனையும் நிறுத்திப்புடுவாக. நான் இவனத் தூக்கிட்டு எங்குட்டுப் போவேன்?"

செம்போடு வெளியே வந்தேன். சுபேதார் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார்.

ஒரு வாய் திறந்தால் போதும். திறந்தேன். தம்பியின் பெயரைச் சொல்லி, அது நான்தான் என்றேன். "அவருக்குத் தம்பி" என்றேன். முன்சீப் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

சுபேதார் நல்ல மனிதர். அண்ணனைப் பறிகொடுத்த தம்பிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னார். உங்கள் அண்ணன் தைரியசாலி, யார் பங்கு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வார், ஊர்ப் பேச்சை எடுத்தால் நிறுத்த மாட்டார் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"ஒண்ணுதான் மனசை அறுக்குது தம்பி. அன்னைக்குக் குழியை விட்டு எந்திரிச்சு ஓடுறோம். மேலே ஷெல் வர்ற சத்தம் கேட்டுச்சு. அவரு பேரைச் சொல்லி, 'படு'ன்னு கத்துனேன். கூட ஓடுன இன்னொருத்தன் பேரையும் கத்துனேன், அவன் உடனே படுத்துட்டான். உங்க அண்ணன் படுக்கலே. வேற யாரையோ கூப்பிட்ட மாதிரி பின்னால திரும்பிப் பார்த்தாரு."

எட்டு வருஷம் அந்தப் பெயரில் சோறு தின்றவன், அந்தப் பெயருக்குத் தினமும் ஆஜர் சொன்னவன், அன்றைக்கு மட்டும் எப்படி மறப்பான்? சத்தத்தில் காது அடைத்திருக்கலாம். பின்னால் வருகிறவனைப் பார்க்கத் திரும்பியிருக்கலாம். எனக்கு நானே இப்படிப் பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் பதினாறு வயது வரை 'பெரியவனே' என்ற குரல் கேட்டால் என்னைத் தேடியவன் அவன். உயிர் போகிற நேரத்தில் மனுஷனுக்குப் பழைய வீடுதான் ஞாபகம் வரும் என்று தோன்றுகிறது. அவன் அங்கே என்னைத்தான் தேடியிருக்கிறான். இதை நான் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது?

சுபேதாரிடம் அப்போதும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன். அவர் பஸ் ஏறும் வரை கூடப் போய், அவர் என்னைத் தம்பி தம்பி என்று கூப்பிட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு முன்சீப் காகிதங்களை ஒழுங்கு செய்தார். ஊர்க் கணக்கில் பெரியவன் செத்துப்போனான். குடும்ப அட்டையிலும் ஓட்டர் லிஸ்டிலும் சின்னவன் உயிரோடு இருக்கிறான். சாக்கோட்டையில் பியூன் வேலைக்கு ஆள் கேட்டபோது, கொடுப்பதற்கு என்னிடம் சர்டிபிகேட் இல்லை. அந்தப் படிப்புக்குச் சொந்தக்காரன் செத்துவிட்டான். என் பெயருக்குத் தாலி அறுத்தவள் என் கண்முன்னால் நெல் புடைக்கிறாள், என் தட்டில் சோறு போடுகிறாள். வீட்டில் இப்போது யாரும் கேலி பேசுவதில்லை. அவள் மகன் பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயரைக் கேட்டால் என் பெயரைச் சொல்கிறான். அவனைத் திருத்தும் தைரியம் எனக்கு இல்லை.

போன மாதம் காரைக்குடியில் சர்க்கரைக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கடைக்காரர் அட்டையைப் பார்த்துத் தம்பியின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். இரண்டு தடவை கூப்பிட்டார். "அய்யா, ஒங்களத்தான், காது கேக்கலையா?" என்று மூன்றாம் தடவை கத்தினார்.

நான் அதுவரை பின்னால் திரும்பி, அவன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.