‘ஆமா’ சொல்ல வேண்டிய இடம்

வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடுகிறவனுக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. பாடுகிறவர் ஒரு வரி சொல்வார். முடிந்ததும் இவன் ‘ஆமா’ என்று சொல்ல வேண்டும். சில இடங்களில் ‘அப்படியா’ என்று கேட்கலாம், ‘அய்யோ பாவம்’ என்று வருத்தப்படலாம். கூட்டம் மனத்துக்குள் சொல்வதை இவன் வாய்விட்டுச் சொல்கிறான், அவ்வளவுதான். என் பத்து வயதில், அத்தையின் வில்லுப்பாட்டில் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. ஒரே ஒரு இடத்தில் அதைச் செய்யாமல் விட்டேன். இப்போது எழுபத்தெட்டு வயதாகிறது. இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இருவரும் இன்று இல்லை.

அப்பாவுக்குத் தூத்துக்குடியில் சுண்ணாம்புக் காளவாசல் இருந்தது. ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கடலில் ஒரு சின்னத் தீவு. அதைச் சுற்றிலும் பவளப் பாறை. அதைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளங்களில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். முருகைக்கல் என்று பெயர். நல்ல கல் கட்டடத்துக்குப் போகும். உடைந்தது காளவாசலில் வெந்து சுண்ணாம்பாகும். அந்தக் காலத்தில் அதை ஒருவரும் தப்பென்று சொன்னதில்லை.

சொன்ன முதல் ஆள் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. நாசரேத்தில் மிஷன் பள்ளியில் தங்கிப் படித்துவிட்டு வந்து, ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தாள். எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருந்தாள். பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்துகிற பழக்கம் அவளுக்கு உண்டு. அப்படிப் போன ஒரு நாள் சங்கு குளிக்கிறவர் ஒருவர் அவளிடம் சொல்லியிருக்கிறார்: தீவுக்கு வெளிப்பக்கம் உள்ள பாரில், அதாவது கடலுக்கடியில் இருக்கிற பாறைத் திட்டில், கல்லெடுத்த இடத்தில் மீனும் இல்லை, சங்கும் இல்லை, அலை தடையில்லாமல் உள்ளே வருகிறது.

அன்று முதல் சாப்பாட்டு நேரத்தில் அதே பேச்சு.

“வெளிப்பார விட்டுருங்கண்ணே. அலைய மறிக்கது அதுதான். அது போச்சுன்னா தீவு போகும். தீவு போச்சுன்னா எதுத்தாப்புல இருக்க ஊரு போகும்.”

“ஏளா, நான் வேண்டாம்னா இன்னொருத்தன் வாங்குவான். கல்லெடுக்கது அந்த ஊர்க்காரன். அவன் மாட்டேன்னு சொன்னா நான் ஏன் கேக்கப் போறேன்?”

“அப்ப அவங்ககிட்டயே கேக்கேன்.”

“பெட்டிசன் எழுதப் போறியாக்கும்?”

“இல்ல. பாடப் போறேன்.”

அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “கோயில் கொடையில பாடுத பாட்ட ஒரு டீச்சர் பாடவா? நாசரேத்துல கேட்டா என்ன சொல்லுவாவ?” என்றாள். பிரசங்கம் என்றால் தூங்கிவிடுவார்கள், பாட்டென்றால் விழித்திருப்பார்கள் மைனி என்று அத்தை பதில் சொன்னாள். மறுநாள் குடம் வாங்கிக் கொடுத்தது அப்பாதான். தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டு மாற்றியும் வந்தார்.

குடம் அடிக்க அத்தையின் பள்ளிக்கூடத்துப் பியூன் வந்தார். இருபது வருஷமாகக் கோயில் கொடை விழாக்களில் குடம் அடித்த கை. அவரிடம் ஒரே ஒரு சிக்கல். வேகம் கூடிவிட்டால் அவர் வாய் பழைய பாட்டுக்குப் போய்விடும். பவளப் பாறையின் கதை நடந்துகொண்டிருக்கும்போதே சுடலைமாடன் வந்துவிடுவார்.

“அண்ணாச்சி, இவரு எங்கன வந்தாரு?” என்று அத்தை வில்லைத் தட்டுகிற வீசுகோலை நிறுத்துவாள்.

“வேகம் வந்தா அவரும் வந்திருதாரு, டீச்சர். நான் என்ன செய்ய?”

மாடியில் ஒரு மாதம் ஒத்திகை நடந்தது. நடுவில் ஒரு சனிக்கிழமை அத்தை என்னைத் தீவுக்குக் கூட்டிப்போனாள். கல்லெடுக்கப் போகிற வள்ளத்திலேயே போனோம். இடுப்பளவு தண்ணீரில் நிற்க வைத்து, “மொகத்த உள்ள வச்சுக் கண்ணத் தொறலே” என்றாள். எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு திறந்தேன். மான்கொம்பு போலக் கிளை விட்ட கல். அதன் இடுக்குகளில் நகத்தளவு நீல மீன்கள். கையை நீட்டினால் எல்லாம் ஒன்றாக உள்ளே போயின, எடுத்தால் ஒன்றாக வெளியே வந்தன. பத்தடி தள்ளிக் கடப்பாரை விழுந்த இடத்தையும் காட்டினாள். எங்கள் காளவாசல் முற்றத்தைத் தண்ணீருக்கடியில் கொண்டுபோய் வைத்தது போல, வெள்ளைத் துண்டுகளும் பொடியுமாகக் கிடந்தது. ஒரு மீன் கிடையாது. ஒன்றும் தெரியாத பிள்ளையாக நான் அந்தக் காரியத்தைச் செய்யவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அத்தை போட்ட திட்டம் எளிமையானது. கதை முடிகிற இடத்தில் அவள் ஊரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள்: இனி வெளிப்பாரில் கை வைக்க மாட்டோம் என்று இந்த ஊர் சொல்லுமா? அப்போது குடம் நின்றுவிடும். நான் மட்டும் ‘ஆமா’ என்பேன். “மொத ஆமா சொல்லத்தான் எல்லாருக்கும் கூச்சம். நீ சொல்லிட்டேன்னா அவங்களும் சொல்லிருவாங்க” என்றாள்.

தீவுக்கு நேர் எதிரே இருந்த அந்த வள்ளக்காரர்கள் ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் போனோம். வில், குடம், பலகை எல்லாம் அப்பாவின் கல்வண்டியில்தான் போயின. ஓய்வு நாள், வள்ளங்கள் கரையில் கிடந்தன. மாதா சிலை இருக்கிற கெபிக்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்தோம். வயதான தண்டல் ஒருவர், வள்ளக்காரர்களுக்கெல்லாம் பெரிய மனிதர், முன்வரிசையில் மணலில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் போடுகிற சட்டை. பாட்டுக் கேட்க எதற்கு இது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அத்தை நன்றாகப் பாடினாள். பாறை பேசுவதாக வருகிற இடத்தில் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்து
சுவருக்கெல்லாம் பூசி வச்சோம்;
கடலு வந்து கதவைத் தட்டினா
எந்தச் சுவரு தடுக்கும் ஐயா?

“ஆமா” என்றேன் நான். என் குரல் கணீரென்று இருந்தது. அதில் எனக்குப் பெருமை.

அடுத்துப் பாட்டில் முதலாளி வந்தார். அழுதவர்களைச் சிரிக்க வைக்க அத்தை கட்டிய வரிகள் அவை.

தொந்தி முன்னே கரைக்கு வரும்,
முதலாளி பின்னே வருவாரு;
தீவைத் தின்னு ஏப்பம் விட்டு
இன்னொரு தீவு கேட்பாரு.

ஒத்திகையில் எத்தனையோ தடவை இதற்கு ‘ஆமா’ போட்டுச் சிரித்திருக்கிறேன். அந்த முதலாளி யாரென்று எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் அப்பாவின் நாற்காலிப் பக்கம் திரும்பியது.

“அண்ணாச்சி, சட்ட பட்டனு தாங்குமா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“ஒரு தீவு போதுமா அண்ணாச்சி, ரெண்டாக் கட்டித் தரவா?” என்றார் இன்னொருவர்.

அப்பாவும் சிரித்தார். வயிற்றைத் தடவிக்கூடக் காட்டினார். கூட்டம் இன்னும் சத்தமாகச் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்பா அவமானத்தை மறைக்கத்தான் சிரிக்கிறார் என்று முடிவு செய்தேன். அத்தையைப் பார்த்தால் அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். என் அப்பாவின் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அவர் வாங்கித் தந்த குடத்தை வைத்துக்கொண்டு, அவரையே ஊர் சிரிக்க வைக்கிறாள். அதன் பிறகு வந்த வரிகள் எதுவும் என் காதில் ஏறவில்லை. வாய் மட்டும் பழக்கத்தில் ‘ஆமா’ போட்டுக்கொண்டிருந்தது.

கடைசிக் கேள்வி வந்தது. அத்தை வீசுகோலைத் தாழ்த்திக்கொண்டு, பாட்டாக இல்லாமல் பேச்சாகவே கேட்டாள். “இனிமே வெளிப்பார்ல கை வைக்க மாட்டோம்னு இந்த ஊரு சொல்லுமா?”

குடம் நின்றது. தண்டல் தலையை லேசாக ஆட்டத் தொடங்கியிருந்ததை நான் பார்த்தேன். கூட்டம் முழுவதும் என் வாயைப் பார்த்தது.

நான் சொன்னேன்: “அத்த, நம்ம வீடே அந்தக் கல்லுதான? நீங்க படுக்க மாடி ரூமும் அதான?”

கூட்டம் அத்தை பக்கம் திரும்பியது. பிறகு அப்படி ஒரு சிரிப்பு. முதலாளிக்குச் சிரித்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு இளவட்டம் எழுந்து நின்று, “டீச்சரம்மா, மொதல்ல உங்க ரூம இடிங்க. கல்ல நாங்களே கொண்டுபோயி கடல்ல போட்டுருதோம்” என்றான். தண்டல்கூடச் சிரிப்பை அடக்கமாட்டாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மணலைத் தட்டிக்கொண்டு ஆட்கள் எழுந்திருக்கத் தொடங்கினார்கள். பியூன் என்ன செய்வதென்று தெரியாமல் குடத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.

அப்பா நாற்காலியில் இருந்து பாதி எழுந்தார். என்னை அடிக்க வருகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கூட்டத்தைத்தான் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

அத்தை வாழ்த்துப் பாடித்தான் முடித்தாள். கேட்க இருந்தது பத்துப் பதினைந்து பேர். திரும்பும்போது வண்டியில் நான் அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அடி விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. வெகுதூரம் வந்த பிறகு அத்தை, “நீ சொன்னது பொய்யில்லலே” என்றாள். அப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டார். அவரைக் காப்பாற்றியதற்கு அது அவருடைய நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வள்ளங்கள் வழக்கம்போல வெளிப்பாருக்குப் போயின. அப்பாவும் வழக்கம்போலக் கல் வாங்கினார். சிமெண்டு வந்து காளவாசலை மூட வைக்கிறவரைக்கும் வாங்கினார். அந்தக் கல்லில்தான் நான் கல்லூரி வரை படித்தேன்.

அப்பா இறந்து சில வருஷம் கழித்துத்தான் அம்மா சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ‘ஆமா’ சொன்னதும் அப்பா எழுந்து, நீங்கள் எடுக்கவில்லை என்றால் நான் கேட்கவும் மாட்டேன், வெளிப்பார்க் கல் இனி என் காளவாசலுக்குள் வராது என்று சொல்வதாக இருந்ததாம். அண்ணனும் தங்கையும் முதல்நாளே பேசி வைத்திருந்தார்கள். முதலாளி வரிகளையும் அப்பா முன்பே கேட்டிருக்கிறார். தொந்தி இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று சொன்னதே அவர்தானாம்.

“பெறவு ஏன்ம்மா சொல்லல?” என்று கேட்டேன்.

“சிரிக்க கூட்டத்துக்கு முன்னால எந்திச்சு என்ன சொல்லச் சொல்லுத? பிள்ள வாய அடைக்கதுக்குச் சொல்லுதாருன்னுதான நெனப்பாவ? ஒங்கிட்ட இதப் பத்திப் பேசப்படாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. சின்னப் பையன், மனசு ஒடைஞ்சிருவான்னுட்டு.”

என் ஒரு வாக்கியத்தால் தீவு கரைந்தது என்று நான் சொல்லவில்லை. கல்லெடுத்தவர்கள் பல ஊர்க்காரர்கள், வாங்கியவர்கள் பல பேர். ஆனால் ஒரு ஊர் ‘ஆமா’ சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் நான் அதை மூடினேன். அது உண்மை. இன்று துறைமுகப் பக்கம் நின்று பார்த்தால் தீவு நான் பார்த்ததில் பாதிகூட இல்லை. மிச்சத்தைக் காப்பாற்றச் சிமெண்டில் பாறை செய்து கடலில் இறக்குகிறார்கள். போன மாதம் கடற்கரையில் கல்லூரிப் பிள்ளைகள் அதைப் பற்றி நாடகம் போட்டார்கள். கூட்டத்தில் நின்று கை தட்டினேன். என் கை அதிகச் சத்தம் போட்டது.

அத்தை அந்த ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்தவில்லை. ஆறு மாதம் கழித்துக் கீழவைப்பார் என்ற கடற்கரை ஊரில் பாடப் போனாள். ‘ஆமா’ போட என்னைத்தான் மறுபடியும் கூட்டிப்போனாள். அம்மா, “இவனையா?” என்று கேட்டதற்கு, “இவனத்தான் மைனி” என்றாள். பாட்டின் தொடக்கத்தை மட்டும் மாற்றியிருந்தாள். நான் அன்று கேட்ட கேள்வியை அப்படியே எடுத்து முதல் வரியாக வைத்துவிட்டாள். பாடுகிற என் வீடும் அந்தக் கல், படுக்கிற என் அறையும் அந்தக் கல் என்று பாடி நிறுத்துவாள். நான் ‘ஆமா’ என்று சொல்ல வேண்டும்.

என் வார்த்தை அத்தைக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழவைப்பாரில் அந்த இடம் வந்ததும் தொண்டை கிழிய ‘ஆமா’ போட்டுவிட்டு, சிரிப்புக்காகக் கூட்டத்தைப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஆண்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். பின்னால் வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஊசியை நிறுத்திவிட்டு அத்தையையே பார்த்தாள்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். திரும்பி வரும்போது அத்தையிடம், “அந்த எடத்துல யாருமே சிரிக்கலியே அத்த, அத எடுத்துருவமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம்லே. அது இருக்கட்டும்” என்றாள்.

சிரிப்பு வராத ஒரு வரியை எதற்குப் பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். அன்று எனக்கு விளங்கவில்லை.