முப்பது மெஷின், ஒரு சர்வர்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது முதல்வர் அறையில். விராலிமலைப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பில் இருந்தது. லேபில் முப்பது மேசை, முப்பது திரை. ஆனால் உண்மையில் வேலை செய்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான், மூலையில் கண்ணாடி அறைக்குள் இருந்த சர்வர். அதற்குள் முப்பது விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது சாஃப்ட்வேரால் ஆன கம்ப்யூட்டர்கள், ஓடின. மாணவர்கள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் என்று நினைத்துத் தட்டியதெல்லாம் அவற்றைத்தான்.

பிராக்டிகல் பரீட்சைக்கு முந்தின வாரம் முதல்வர் கூப்பிட்டார். "மெமரி பத்துமாம்மா? இல்லேன்னா பிள்ளைகளை ரெண்டு பேட்ச்சாப் பிரிச்சிரலாமா?"

"ஒரே பேட்ச் போதும் சார். நான் பாத்துக்கிறேன்" என்றேன். பக்கத்தில் இருந்த மற்ற துறைத் தலைவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அந்தத் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. வகுப்பில் முப்பது பேரும் ஒரே பாடத்தைப் படிக்கும்போது முப்பது புத்தகம் எதற்கு? ஒன்றை நடுவில் வைத்தால் போதும். யாராவது ஒரு பக்கத்தில் எழுத வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுத்துவிடலாம். மெமரியிலும் அப்படித்தான். எல்லா மெஷினிலும் ஒன்றுபோல இருக்கும் பகுதிகளைச் சர்வரே தேடிப் பிடித்து, ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதி இடத்தை விடுவித்துவிடும். அந்த வசதியைப் போட்டுவிட்டு ஒரு மாடல் எக்ஸாம் நடத்தினேன். போர்டில் ஒரே கேள்வி, முப்பது பேரும் அதே புரோகிராம். மெமரியில் பாதிகூட நிறையவில்லை. அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பரீட்சை அன்று காலை வேறொரு கல்லூரியிலிருந்து எக்ஸாமினர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே மடித்த சீட்டுகள். பிராக்டிகல் என்றாலே இதுதான் வழக்கம். ஆளுக்கொரு சீட்டு, ஆளுக்கொரு கேள்வி, பக்கத்தில் பார்த்து எழுத முடியாது. மாணவியாக நானும் சீட்டு எடுத்திருக்கிறேன். வேலைக்கு வந்தபின் எத்தனையோ முறை நானே சீட்டு மடித்திருக்கிறேன். இருந்தும் அந்த டப்பாவைப் பார்க்கும்வரை என் மண்டையில் உறைக்கவில்லை. ஒருவனுக்கு டேட்டாபேஸ், அடுத்தவளுக்கு ஜாவா, அதற்கடுத்தவனுக்குப் படங்களைத் திருத்தும் புரோகிராம். நடுவில் வைக்கப் பொதுவான புத்தகம் இனி அதிகம் இருக்காது.

மூன்றாவது வரிசையில் அரியர் எழுத வந்த பெண் ஒருத்தி இருந்தாள். கடற்கரைப் பக்கத்து ஊர், அப்பா சவுதியில் டிரைவர். மற்ற எல்லாப் பாடமும் முடித்துவிட்டாள், இது ஒன்றுதான் பாக்கி. சென்னையில் வேலை கிடைத்திருந்தது, இதில் தேறினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். சரக்கில்லாத பிள்ளை என்று நாங்கள் எல்லோரும் எப்போதோ முடிவுகட்டியிருந்தோம். பிஸ்மி சொல்லிச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

சர்வர் அறைக் கதவைத் திறந்து வைத்து உள்ளே உட்கார்ந்திருந்தேன். முதல் அரைமணி நேரம் பரவாயில்லை. பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் புரோகிராமைத் திறக்கத் திறக்க, என் திரையில் மெமரி ஏறிக்கொண்டே போனது. முக்கால் ஆயிற்று. அதையும் தாண்டியது. மெமரி போதாமல் சர்வர், அதைவிடப் பல மடங்கு மெதுவான டிஸ்க்கில் இடம் தேடத் தொடங்கியது.

"மேம், மவுஸ் நகர மாட்டேங்குது" என்றான் ஒருவன். "எனக்கும்" என்றது இன்னொரு குரல்.

எக்ஸாமினர் நிமிர்ந்தார். "என்ன மேடம் பிரச்சினை?"

"ஒண்ணுமில்ல சார். நெட் கொஞ்சம் ஸ்லோ."

நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மெமரி முழுக்க நிறைந்தால் சர்வரே ஏதாவது ஒரு மெஷினைக் கொன்றுவிடும், பிறகு இன்னொன்றை. அதற்குமுன் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதல்வரிடம் அடித்த சவடால் என் வாயைக் கட்டிப்போட்டது. வராத பையன் ஒருவனுடைய மெஷினை முதலில் நிறுத்தினேன். ஐந்து நிமிஷம் மூச்சு விட முடிந்தது. மறுபடியும் ஏறியது.

பட்டியலை மேலும் கீழும் பார்த்தேன். ஒரு மெஷினில் மட்டும் எந்த வேலையும் நடக்கவில்லை. எண்ணைப் பார்த்தேன். மூன்றாவது வரிசை. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தபோது அந்தப் பெண் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரியாமல் முழிக்கிறாள் என்று நினைத்தேன். முழிப்பவளுக்கு எது ஓடினால் என்ன என்றும் நினைத்தேன். சேமித்துவிட்டு நிறுத்த வழி உண்டு. ஆனால் டிஸ்க் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தது, அதற்குள் மற்றவை விழுந்துவிடும். நிறுத்தினால் எல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்கும்படி அமைத்தவளும் நான்தான். தெரிந்தே என்டரைத் தட்டினேன்.

மற்ற திரைகள் அசைந்தன. அவள் எழுந்து நின்றாள்.

"சார், ஸ்கிரீன் போயிருச்சு."

எக்ஸாமினர் அவளிடம் போனார். நானும் பின்னால் ஓடினேன். "எதையாச்சும் அமுக்குனியாம்மா?" என்று கேட்டார் அவர்.

"இல்ல சார். அவுட்புட் வந்துருச்சு. நீங்க பாக்க வருவீங்கன்னு கையை எடுத்துட்டு உக்காந்திருந்தேன்."

"மத்ததெல்லாம் ஓடுது. ஒன்னோடது மட்டும் எப்படிம்மா போகும்?" அவர் குரலில் சந்தேகம் ஏறியது. அரியர் பிள்ளை, ஆளைத் திசைதிருப்புகிறாள் என்று நினைக்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது. அவள் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சும்மா நின்றிருந்தால் போதும், விஷயம் அதோடு முடிந்திருக்கும். சில நொடிகள் அப்படித்தான் நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"நான்தான் சார் நிறுத்துனேன்" என்றேன். "மெமரி பத்தல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. "முடிச்சவங்க கையைத் தூக்குங்க" என்றார் லேபைப் பார்த்து. எட்டுக் கைகள் உயர்ந்தன. முடித்தபின்னும் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஒவ்வொருவர் அவுட்புட்டாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, உடனே மெஷினை அணைக்கச் சொன்னார். கால்மணி நேரத்தில் சர்வர் சாந்தமாயிற்று. கேட்டிருந்தால் முன்னாடியே செய்திருப்பார்.

அவளுக்கு மெஷினைத் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். மணி அடிக்க நாற்பது நிமிஷம் இருந்தது. அவள் மறுபடியும் முழுசாக அடித்தாள். மணி அடிப்பதற்குச் சற்றுமுன் அவுட்புட் வந்தது. எக்ஸாமினர் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார். மெல்லிய குரலில் சரியாகவே பதில் சொன்னாள். தேறிவிட்டாள். மார்க் ஷீட்டில் அவர் கையெழுத்துப் போட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வராந்தாவில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். எந்த வேலையும் நடக்காத மெஷினாகப் பார்த்துத்தான் நிறுத்தினேன் என்று விளக்கமும் சொன்னேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"என் எடத்துல ஃபர்ஸ்ட் ரேங்க் எடுக்குற பொண்ணு அப்படிச் சும்மா உக்காந்திருந்தா, முடிச்சிருச்சுன்னுதானே மேம் நெனச்சிருப்பீங்க?"

"ஆமாம்மா" என்றேன்.