மகளை என் கணக்கில் போட இடமில்லை

கடந்த மார்ச் மாதம், டென்மார்க்கின் பிராண்டேயில் எங்கள் வீட்டுக் குசினியில் நடந்தது இது. வருடாந்த வரிக்கணக்கு வந்திருந்த நேரம். ஜெர்மனியில் இருக்கும் என் தங்கை நாள் தவறாமல் போன் எடுத்தாள்.

"அக்கா, பிள்ளை இன்னும் படிக்கிறாள்தானே? உங்கட வரியில அவளைப் போடுங்கோ. இஞ்ச நாங்கள் இருபத்தைஞ்சு வயதுமட்டும் போடுறம், வரி குறையும். சும்மா விடாதேங்கோ!"

ஒடென்சேயில் தங்கிப் படிக்கும் மகள் அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். "டென்மார்க்கில அப்பிடி ஒண்டும் இல்லை, அம்மா" என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல். தேடிப் பார்க்கப் பஞ்சிப்படுகிறாள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. காசுக்காக மட்டுமில்லை. தங்கை தன் வளர்ந்த பிள்ளைகளைத் தன் கணக்கில் எழுதலாம், நான் எழுதக் கூடாதா என்ற வீம்பு.

வரி அலுவலகத்துக்குப் போன் போடச் சொன்னேன். நான் கூச்சக்காரி. டெனிஷில் அந்நியரோடு பேச நாக்கு எழும்பாது. அதனால் அவளையே பேச விட்டேன். ஸ்பீக்கரில் ஒரே பாட்டுத் திரும்பத் திரும்ப ஓடியது. புட்டு அவித்து, பானையும் கழுவிவிட்டேன். எங்கள் முறை வரவில்லை.

கடைசியில் ஒரு ஆண் குரல். பதினெட்டு வயது தாண்டினால் பிள்ளை தனி ஆள், அவளுக்குத் தனிக் கணக்கு என்றார்.

"அப்ப சாப்பாடு ஆர் குடுக்கிறது எண்டு கேள்!"

"அம்மா!"

"கேளடி. போன் காசு ஆர் கட்டுறது எண்டும் கேள்."

முகம் சிவக்கச் சிவக்க எல்லாவற்றையும் அவள் டெனிஷில் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவர் பொறுமையாக, "இல்லை" என்றார். பிறகு அவர் ஏதோ கேட்க, இவள் பதில் சொல்ல, அவர் சிரித்தபடி இன்னொன்று சொன்னார். இவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னடி சொன்னவர்?"

"அம்மாவுக்காக எப்பவும் நீங்களோ கதைக்கிறது எண்டு கேட்டார். ஓம், கடிதம் வாசிக்கிறது, டொக்டரிட்ட கூட்டிக்கொண்டு போறது எல்லாம் நான்தான் எண்டன். அதுக்கு அவர், அப்ப மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அம்மாவை உங்கட கணக்கில போடவும் இடமில்லையாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் புட்டை, அவள் ஒடென்சேக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பெட்டிகளில் அடைத்தேன். பின்னேரம் தங்கை மறுபடியும் எடுத்தாள்.

"போட்டாச்சோ?"

"இஞ்ச இடமில்லையாம். ரெண்டு பேருக்கும்."

அவளுக்கு விளங்கவில்லை. விளக்கவும் எனக்கு மனமில்லை.

இப்போதும் விளங்காத கடிதத்தைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பும்போதெல்லாம் அந்த மனிதரின் சிரிப்புக் காதில் கேட்கிறது; யார் யாரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கணக்குப் பார்ப்பதை நான் அன்றோடு விட்டுவிட்டேன்.