போன் பேச்சு உடைந்த நாட்கள்

பிள்ளைகளே, ஆபீஸில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "மேற்பார்வை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். அங்கே ஒரு பெண்ணுக்கு நான் செய்த காரியம் அப்படி. எழுதினால்தான் முழுதாகச் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது.

பூனாவில் கராடி என்ற பகுதியில் எங்களுடையது லாரி புக்கிங் ஆபீஸ். நான்கு பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, இன்டர்நெட் வழியாகப் போகும் போனில் வாடிக்கையாளர்களிடம் பேசுவார்கள். பழைய கட்டடம், வேகம் குறைந்த சின்ன இன்டர்நெட் லைன். அதை எல்லோருக்கும் போதும்படி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பத்தாவது படித்தவனை நம்பிக் கொடுத்த பொறுப்பு. காலையில் யாரும் வீடியோ பார்க்கக் கூடாது என்று பலகையில் எழுதி வைத்தேன். வாரம் ஒருமுறை வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன். அப்படியும் எப்போதாவது பேச்சு உடையும். லாரி எப்போது வரும் என்று கேட்பவருக்குப் பாதி வார்த்தைதான் போய்ச் சேரும். அவர் திட்டிவிட்டு வைத்துவிடுவார்.

யாரோ திருட்டுத்தனமாக வீடியோ பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஜன்னலோரம் உட்காரும் பெண் மேல்தான் கண் போனது. புதிதாகச் சேர்ந்தவள். பூனாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கையை விட்டுப் போனை இறக்கவே மாட்டாள். முதலாளியிடம் சொல்லி, பீரோவுக்கு மேலே ஒரு கேமரா வைத்தேன். பாதுகாப்புக்கு என்று மற்றவர்களிடம் சொன்னேன். அதன் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது.

பேங்க், கூரியர் என்று வெளியே போகும்போது வரிசையில் நின்றபடி என் போனில் அந்தப் படத்தைப் பார்ப்பேன். பார்க்கிற நேரமெல்லாம் அவள் மேசை மேல் குனிந்திருப்பாள், கையால் காதை மூடிக்கொண்டு. திரும்பி வந்தால் மற்றவர்கள் புலம்புவார்கள்.

"அண்ணா, நீங்க கீழ இறங்குனதும் போச்சு. ஒரு கால்கூட உருப்படியா பேச முடியல."

நான் உள்ளே இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இருந்தால் பயம், போனால் கொண்டாட்டம் என்று நினைத்துக்கொண்டேன். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

முதலாளி திருநெல்வேலிக்காரர். "நீ கண்ணால பாத்தியாடே?" என்றார்.

"தெனமும் பாக்கேன், முதலாளி."

"அப்ப சனிக்கிழமையோட நின்னுக்கச் சொல்லிருவோம்."

அவள் சம்பளத்தில்தான் அவர்கள் வீடு நடக்கிறது. அது தெரிந்துதான் சொன்னேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை, லைனைச் சோதிக்க இன்டர்நெட் கம்பெனியிலிருந்து ஒரு மராத்திப் பையன் வந்தான். நான் கூரியர் ஆபீஸில் நின்றேன். அவனே ஆபீஸிலிருந்து என்னைப் போனில் கூப்பிட்டான். சித்தப்பா என்பதுபோல் "காகா" என்று அழைத்து, இந்தியில்தான் பேசினான்.

"காகா, இப்ப கேமரா பாக்குறீங்களா?"

"ஆமா."

"மூடுங்க."

மூடினேன். அவனுக்குப் பின்னால் எங்கள் ஆட்களின் பேச்சு சீராகக் கேட்டது.

"இப்ப திறங்க." திறந்தேன். "ஹலோ, ஹலோ" என்று நான்கு பேரும் கத்த ஆரம்பித்தார்கள்.

"உங்க லைன்ல கீழ வர்ற வழி பரவாயில்ல, மேல போற வழிதான் ரொம்பக் குறுகல். இவங்க குரல் அதுலதான் போகணும். நீங்க வெளிய நின்னு பாத்தா, கேமரா படமும் அதே வழியில வந்து அடைச்சுக்குது."

பெரிய லைன் விற்கப் பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கேயே நின்று இன்னும் இரண்டு தரம் மூடித் திறந்து கேட்டேன். இரண்டு தரமும் அப்படியேதான் ஆனது. அவள் குனிந்தது எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. தன் பேச்சு எதிர்முனைக்கு எட்டுகிறதா என்று கேட்க ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

"முதலாளிகிட்ட நான் சொல்லட்டா, காகா?"

"வேண்டாம்பா. நானே சொல்றேன்."

திரும்பி நடக்கையில் ஒரு கெட்ட யோசனை வந்தது. இன்டர்நெட் பெட்டியில் ஏதோ கோளாறு, சரியாகிவிட்டது என்று சொன்னால் போதும். சனிக்கிழமையோடு அவளும் போய்விடுவாள், என் வேலைக்கும் ஆபத்தில்லை. லிஃப்டில் ஏறும்வரை அது மனதை விட்டுப் போகவில்லை.

ஆனாலும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவள்மேல் சந்தேகப்பட்டதையும், கேமரா எதற்கு வைத்தேன் என்பதையும்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்தன நாளும் நீதான்டே லைன அடச்சிருக்க!" அவளைப் பார்த்து, "நீ எங்கயும் போக வேண்டாம்மா" என்றார்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. பீரோவுக்கு மேலே பார்த்தாள்.

"அதுல ஆவாஜும் கேக்குமா?"

"இல்லம்மா, சத்தம் வராது. படம் மட்டும்தான்."

உண்மையைத்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை.

அன்றே ஸ்டூல் போட்டுக் கேமராவைக் கழற்றினேன். அவள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். அவள் பேசுவது வாடிக்கையாளர்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது. வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால் மட்டும் வெளியே படிக்கட்டுக்குப் போய்விடுகிறாள். நான் அந்தப் பக்கம் வந்தால், கடந்து போகும்வரை பேச்சை நிறுத்திக்கொள்கிறாள்.